பெரியவள் பெயரில் ஊசி

இன்சூரன்ஸ்காரர் நம்மவர்தான், தமிழ்தான் பேசினார். அதனாலேயே சின்னவளுக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. வேற்று மொழிக்காரன் கையை விரித்தால் புரியவில்லை என்றாவது மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இந்த மனிதரோ ஒவ்வொரு 'கிடையாது'வையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கூடப்பிறந்த தங்கைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சர்க்கரை இங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்கில்லம்மா? அப்ப அதுக்குக் கிடையாது. புதுசா குடியேறினவங்க ரெண்டு வருஷம் காத்திருக்கணும். அப்புறம் பாக்கலாம்."

"சர்க்கரையால கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கிடையாது."

"கிட்னிக்கு?"

"அதுவும் அதுல சேர்ந்ததுதாம்மா."

"காலுக்கு?"

"கால் ஒடிஞ்சா உண்டு. புண்ணாச்சுன்னா கிடையாது."

"அப்ப எதுக்குத்தான் தர்றீங்க?"

"வண்டி வந்து மோதினா முழுசா தருவாங்க."

"மோதறதுக்கு ஆள் நீங்களே ஏற்பாடு பண்ணுவீங்களா, நாங்களே பாத்துக்கணுமா?"

மேசைக்கு அடியில் கணவன் அவள் காலை மிதித்தான். இன்சூரன்ஸ்காரரின் சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. "சர்க்கரை குறைஞ்சு மயங்கி விழுந்து, அப்புறம் வண்டி மோதினா மட்டும் கிடையாது," என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நோயே இல்லேன்னு சொல்லிட்டா எல்லாம் சுலபம். நிறையப் பேர் அப்படித்தான். ஊசி போடறதை யார் பாக்கப் போறா?"

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, நேத்துத்தான் வந்துச்சுன்னு சொல்லணுமா?"

"அப்போ பாத்துக்கலாம்மா."

"அப்போ பாத்துக்கறதுக்கு நான் இருக்கணுமே."

வெளியே படியிறங்கும்போது கணவன் முணுமுணுத்தான். "கொஞ்சம் தன்மையா பேசினா என்ன குறைஞ்சா போயிடும்?"

"தன்மையா பேசினா கிட்னியையும் சேத்துக் குடுப்பானா?"

அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அவள் அம்மா ஊசியைக் கையில் எடுத்தாலே அழுவாள் என்பதால், தனக்குத் தானே குத்திக்கொள்ளப் பழகியவள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் அப்பா, "கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காதே" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். அவள் மாப்பிள்ளைக்கு நேராகவே சொன்னாள்: "நான் தினம் ஊசி போட்டுக்கறவ. ஊசியைப் பாத்தா மயக்கம் வர்ற ஆளா இருந்தா இப்பவே எழுந்து போயிடுங்க." அவனுக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் அத்தனை பேர் நடுவில் எழுந்து போக வெட்கமாக இருந்தது. அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

அவனுடைய அண்ணனும் அண்ணியும் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே இந்த ஊருக்கு வந்து காலூன்றியவர்கள். அண்ணன் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்தார். அண்ணி ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில் நிரந்தர வேலையில் இருந்தாள். அவர்கள்தான் கையெழுத்துப் போட்டு இவர்களை வரவழைத்தார்கள். மேல்மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அவர்களும் பிள்ளைகளும், இன்னொன்றில் இவர்கள். வீட்டில் பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அண்ணி பெரியவள், இவள் சின்னவள். ஓரகத்திகள் இருவரும் முதல் வாரம் சிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது.

"முழுப் பொருள்னு நெனச்சு வாங்கிட்டு வந்தான் என் கொழுந்தன். பிரிச்சுப் பாத்தா உள்ள ஓட்டை," என்று பெரியவள் தொலைபேசியில் யாரிடமோ சொன்னாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"பிரிக்கறதுக்கு முன்னாடியே சொல்லித்தான் குடுத்தேன் அக்கா," என்றாள் சின்னவள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "வாங்கினவரைக் கேளுங்க."

சின்னவளுக்கு ஒரு சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். ஈரத்தோடு எடுத்து, சூடான உருளைக்குள் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து விட வேண்டும். மறுபக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வெளியே வரும். உள்ளே எந்நேரமும் ஆவி. அந்த வெக்கையில் நின்றால் அவளுக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுங்கும், நாக்கு தடிக்கும், எதிரே இருப்பவள் முகம் இரண்டாகத் தெரியும். பையில் வைத்திருக்கும் மிட்டாயைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பாள். அந்த வேலையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரே காரணம், முழுதாக ஒரு வருஷம் முடித்தால் எல்லாத் தொழிலாளரையும் கூட்டாகச் சேர்க்கும் இன்சூரன்ஸ் அங்கே இருந்ததுதான். உனக்கு என்ன நோய், எப்போது வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. ஒரு வருஷத்தைத் தாண்டினால் போதும்.

தாண்டுவதற்கு இன்சுலின் வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்தது ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் கரைந்துகொண்டே வந்தது. கடைசிப் பெட்டியைப் பிரித்த அன்று கணவன் தன் அண்ணனிடம் போய்க் கையைப் பிசைந்தான். அண்ணன் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் தன் கைப்பையிலிருந்து இன்சூரன்ஸ் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என் பேர்ல போய் வாங்கிட்டு வரட்டும். அவங்களுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான்."

அந்தக் குடியிருப்பில் நம்மவர்கள் யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. கடையில் தள்ளுபடி கொடுக்கும் கார்டு, பஸ் பாஸ், நூலகக் கார்டு எல்லாம் வீட்டுக்கு ஒன்றுதான். அன்றைக்கு அது யார் கையில் இருக்கிறதோ, அட்டையில் உள்ள பேர் அவருடைய பேர். இன்சூரன்ஸ் கார்டையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பஸ் பாஸில் யார் ஏறினாலும் பஸ்ஸுக்கு ஞாபகம் இருக்காது, ஆஸ்பத்திரிக்கு ஞாபகம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சின்னவளுக்கும் தோன்றவில்லை. நோயை மறைக்க மாட்டேன் என்று இன்சூரன்ஸ்காரரிடம் வீராப்புப் பேசியவள், இங்கே நோயை மறைக்கவில்லையே, பேரைத்தானே மாற்றுகிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கார்டை வாங்கிய பெண் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், உள்ளே போகச் சொன்னாள். இதை வீட்டில் சொன்னபோது பெரியவள் முகம் சுண்டிவிட்டது.

"ஒரு சந்தேகமும் படலையா?"

"படலையே."

"கண்ணு தெரியாதவளை உக்கார வச்சிருப்பாங்க. உனக்கும் எனக்கும் எங்கேடி ஒத்துமை? நீ என்னைவிடப் பத்து வயசு மூத்தவ மாதிரி இருக்கே."

"அதனாலதான் அக்கா ஒத்துக்கிட்டாங்க. உங்க வயசு சரியா பொருந்திச்சு."

அன்றிலிருந்து கார்டு ஒவ்வொரு தடவையும் ஒரு சொற்பொழிவோடுதான் கைமாறியது. வரவழைத்தது யார், வீடு யாருடையது, நோயாளியை வைத்துக் காப்பாற்றுகிற தாராளம் யாருக்கு வரும் என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் கைப்பையின் பித்தான் திறக்கும். கொடுத்ததற்கு ஈடாகச் சமையல், துணி, கழிப்பறை எல்லாம் சின்னவள் தலையில் விழுந்தன. வேலை முடிந்து வந்து பெரியவள் கால் நீட்டி உட்கார்ந்து, "டீ" என்று ஒரே எழுத்தில் சொல்வாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு போடுவாள். டீயில் சர்க்கரை குறைந்தால், "உனக்கு ஆகாதுங்கறதுக்காக எங்களுக்குமா?" என்பாள். கூடினால், "ஓகோ, எனக்கும் வரட்டும்னு ஆசையா?" என்பாள்.

ஆசைப்படாமலே வந்துவிட்டது, பெரியவளின் பேருக்கு மட்டும்.

கேன்டீனில் பாத்திர வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பெரியவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பித்தப்பையில் கல். கம்பெனி வண்டியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சேர்த்தது அதே ஆஸ்பத்திரி. மறுநாள் காலையில் அறுவை. அதற்கு முன் டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எத்தனை வருஷமாக?" என்று கேட்டார். பெரியவள் வலியோடு சேர்த்து அதையும் விழுங்கிக்கொண்டு, "ரொம்ப வருஷமா" என்று தலையாட்டினாள். ரத்தம் எடுத்துப் பார்த்தவர், இவ்வளவு வருஷ நோயை இப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களைத் தான் பார்த்ததே இல்லை என்று பாராட்டினாராம்.

சின்னவள் சலவைக் கூடத்திலிருந்து ஈரத் தலையோடு நேரே வார்டுக்கு வந்தபோது, கணவனின் அண்ணன், அவளுக்கு மூத்தார், இந்தப் பாராட்டைத் தம்பியிடம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். பெரியவள் மயக்க மருந்து தெளியாமல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியைத் தள்ளிவிடலாமா என்று சின்னவளுக்கு ஒரு கணம் கை வந்தது. வேண்டாம் என்று பையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் நர்ஸ் ஒரு தட்டோடு வந்தாள். பெரியவளின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கருவியைப் பார்த்து, "பிரமாதம்" என்று அந்த ஊர் மொழியில் சொன்னாள். தினமும் போடுகிற ஊசியை விட்டால் இந்தக் கட்டுப்பாடு போய்விடும் என்று மூத்தாருக்கு விளக்கிவிட்டு, தட்டிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்துத் திருகினாள்.

சின்னவளுக்கு அந்தப் பேனா தெரியும். அதே நிறம். அதில் திருகியது அவள் அளவு. ஒரு நாள் முழுவதும் உடம்புக்குள் நின்று வேலை செய்கிற மருந்து அது. நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல், சர்க்கரை நோயே இல்லாத உடம்போடு படுத்திருக்கிறவளுக்கு அதைப் போட்டால் என்ன ஆகும் என்பது அந்த வார்டிலேயே அவளுக்குத்தான் உடம்பால் தெரியும்.

"மாமா, சொல்லுங்க. அக்காவுக்கு வேண்டாம்னு சொல்லுங்க."

மூத்தார் அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றார். "நீ சும்மா இரும்மா. ஒரு நாள் போட்டா என்ன ஆயிடும்? சத்து ஊசி மாதிரிதானே."

"சத்து ஊசியா? தூக்கத்துலயே போயிடுவாங்க."

"ஊருக்குப் போன் பண்ற மாதிரி கத்தாதே. விஷயம் தெரிஞ்சா அவ வேலை போயிடும். போட்டுட்டுப் போகட்டும், அப்புறம் நாம சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் குடுத்துடலாம்."

"மயக்கத்துல கெடக்கறவங்க வாயில ஊத்தப் போறீங்களா? ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!"

கணவன் ஊசியைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். நர்ஸ் போர்வையை விலக்கினாள்.

சலவைக் கூடத்தில் கற்ற மொழியில் சின்னவளுக்குத் தெரிந்தவை எல்லாம் கட்டளைகள். நிறுத்து, தூக்கு, தள்ளு, சூடு, கையை எடு. மரியாதையாகப் பேசுவதை அங்கே யாரும் கற்றுத்தரவில்லை. "நிறுத்து!" என்று கத்தினாள். "கையை எடு! அவளுக்கு இல்லை. எனக்கு!" மூத்தாரைத் தோளால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, தன் பையிலிருந்த பேனாவை எடுத்து நர்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதன் மேல் ஒட்டியிருந்தது பெரியவளின் பேர். பிறகு சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, குத்திக் குத்திக் கன்றிப்போன தன் வயிற்றைக் காட்டினாள்.

நர்ஸ் பேனாவைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், கட்டிலில் ஒரு தழும்பும் இல்லாமல் இருந்த இன்னொரு வயிற்றைப் பார்த்தாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

கூச்சலில் பெரியவளுக்குக் கண் திறந்துவிட்டது. அறுவைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்: "யாருடி உன்னைச் சொல்லச் சொன்னது?"

மறுநாள் வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து. ஆஸ்பத்திரியின் பதிவு அதிகாரி எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாள். போவதற்கு முன் பேச்சை ஒன்றுபோலத் தைத்துவிட வேண்டும் என்று மூத்தார் நினைத்தார்.

"வேற வழியில்லம்மா. கார்டை அவளுக்குத் தெரியாம நீயே எடுத்துட்டுப் போனதாச் சொல்லிடு."

"திருடினேன்னா?"

"அந்த வார்த்தை எதுக்கு? தெரியாம எடுத்துட்டேன்னு சொல்லு. புதுசா வந்தவ, விவரம் பத்தலன்னு விட்டுடுவாங்க."

"விடுவாங்களா? திருடின்னு பதிஞ்சா சலவைக் கூடத்துல ஒரு நாள் வச்சிருப்பானா? வேலை போனா அந்த இன்சூரன்ஸும் போச்சு. அப்புறம் எங்கே போய் நிப்பேன்?"

"அவ வேலை போனா நாங்க மட்டும் எங்கே போறது? பிள்ளைங்களுக்கும் சேத்து அந்தக் கார்டுதானே?"

அதில் நியாயம் இருந்தது. இருந்ததாலேயே சின்னவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கணவனைப் பார்த்தாள். அவன் தரையில் இல்லாத எதையோ காலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன்தானே நம்மள வரவழைச்சாரு," என்றான் கடைசியில்.

"வரவழைச்சதுக்கு எத்தனை நாள் கழிப்பறை கழுவணுமோ கழுவியாச்சு. இதுக்கு மேல கேக்காதீங்க."

அதிகாரியின் அறை சின்னது. கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒல்லியான பெண் அவள். மொழி தெரியாதவர்களுக்காக மேசைமேல் ஒரு தொலைபேசி. அதன் ஒலிபெருக்கி வழியாக எங்கோ இருந்து ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள். செய்தி வாசிப்பதுபோலத் துல்லியமான தமிழ்.

"கார்டு தங்களிடம் எவ்வாறு வந்தது என்று கேட்கிறார்கள்."

சின்னவள் வாயைத் திறக்குமுன் மூத்தார் தொலைபேசிமேல் குனிந்தார். "ஏம்மா, நீ நம்ம பொண்ணுதானே? கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா."

தொலைபேசி அதை அப்படியே அதிகாரிக்கு மொழிபெயர்த்தது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூத்தாரைப் பார்த்தாள்.

"இங்கே பேசப்படும் எல்லாவற்றையும் நான் மொழிபெயர்த்தாக வேண்டும், ஐயா."

"ஐயோ, அதைச் சொல்லாதேன்னுதானே சொல்றேன்!"

அதுவும் போய்ச் சேர்ந்தது.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். "அவங்க எடுத்துக் குடுத்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன்," என்றாள். "தப்புன்னா ரெண்டு பேரும் பண்ணின தப்பு. நான் திருடல. அவங்களும் சும்மா குடுக்கல. பதிலுக்கு அந்த வீட்டு வேலை முழுக்க நான்தான் பாத்தேன். சர்க்கரை எனக்கு. அவங்களுக்கு இருந்தது கல்லு மட்டும்."

அதிகாரி கணவனிடம் திரும்பினாள். உங்களுக்குத் தெரியுமா?

அவன் அண்ணனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "நான் அந்த நேரத்துல வேலைக்குப் போயிருப்பேங்க," என்றான்.

சின்னவளின் கையிலிருந்து அங்கேயே ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வந்ததும் அதிகாரி அடுக்கினாள். நோய்ப் பதிவைப் பெரியவளின் பேரிலிருந்து பிரிப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி விசாரித்து முடிக்கும்வரை பெரியவளின் கார்டு செல்லாது. கேன்டீன் கம்பெனிக்கும் தகவல் போகும். சின்னவளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. போலீஸ் இல்லை; திருட்டு இல்லை என்றுதான் சொல்கிறார்களே. இன்சூரன்ஸ் இல்லாத புதுக் குடியேறிகளுக்கு ஆஸ்பத்திரியில் ஓர் உதவி நிதி இருக்கிறது, சலவைக் கூடத்து இன்சூரன்ஸில் சேரும்வரை அதில் மருந்து வாங்கிக்கொள்ளலாம், விண்ணப்பம் முடிவாகச் சில வாரம் ஆகும், அதுவரை கையில் உள்ளதைப் பயன்படுத்தலாம்.

"இப்படி ஒன்று இருக்கும்போது முதலிலேயே ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்கிறார்கள்."

"இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலையே."

மூத்தார் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது இல்லாதப்பட்டவங்க வரிசைம்மா. நம்ம வீட்டு ஆளு அங்கே போய் நின்னா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? அதான் நான் எடுக்கல பேச்சை."

"உங்களுக்குத் தெரியுமா?" சின்னவள் மெதுவாகத் திரும்பினாள். "தெரிஞ்சுக்கிட்டேவா என்னை அவங்க காலடியில உக்கார வச்சீங்க?"

சின்னவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். தொலைபேசி தயங்கியது. அதிகாரி விடாமல் கேட்டாள். "அது ஒரு வசைச் சொல்," என்றது தொலைபேசி. "நேரடியான மொழிபெயர்ப்பு இல்லை."

பெரியவள் தையலோடு வீட்டுக்கு வந்த அன்று சின்னவளின் பெட்டி படுக்கையெல்லாம் மாடிப்படியில் இருந்தன. கணவன் தன்னோடு வேலை பார்ப்பவனிடம் கெஞ்சி, இரண்டு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் ஓர் ஒற்றை அறை பிடித்தான். துணி வந்தது, பாத்திரம் வந்தது. அவசரத்தில் இன்சுலின் வரவில்லை. அது பெரியவள் வீட்டு ஃப்ரிட்ஜில், கதவுத் தட்டில் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் பையிலிருந்த பேனாவும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. உதவி நிதியின் முடிவு வரும்வரை உயிரோடு இருக்க அந்த மருந்துப் பெட்டிகளை விட்டால் வேறு வழி கிடையாது.

"நான் கேட்டா அண்ணன் தரமாட்டாரு," என்றான் கணவன்.

"நீங்க கேக்கவே வேண்டாம். கீழ நில்லுங்க."

பெரியவள்தான் கதவைத் திறந்தாள். ஒரு கை வயிற்றை அணைத்திருந்தது, இன்னொரு கை கதவை. முகம் பாதியாகியிருந்தது.

"எதுக்கு வந்தே?"

"மருந்தை எடுக்க."

"எந்த மருந்து? இந்த வீட்டுல உன் பொருள் எதுவும் கிடையாது."

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு அக்கா."

"அதுல யார் பேர் இருக்கு? என் பேர். என் கார்டுல வாங்கினது. அது என் மருந்து."

"அப்ப நீங்களே போட்டுக்குங்க."

"வாய்! இந்த வாயாலதானே கெடுத்தே. கம்பெனியில கூப்பிட்டு நிக்க வச்சுக் கேக்கறாங்கடி. பதிவைப் பிரிச்சாச்சுன்னு சொல்றாங்க. ஆனா எவ திரும்பிப் பாத்தாலும் என்னை சர்க்கரைக்காரியாத்தான் பாக்கறா. தினம் என்ன சாப்பிடறேன்னு தட்டை எட்டிப் பாக்கறாளுக. இத்தனை வருஷம் தலை நிமிந்து நின்ன இடத்துல."

"நான் அப்படித்தான் அக்கா இருக்கேன், சின்ன வயசுலேருந்து. தட்டை எட்டிப் பாக்காதவங்க இந்த வீட்டுல யாரு?"

"ஊசி போட்டா போட்டுட்டுப் போறாங்கன்னு விட்டிருக்கணும். கொஞ்ச நேரம் மயங்கிக் கெடந்திருப்பேன்."

"மயங்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. நாக்கு தடிச்சு, பக்கத்துல நிக்கறவங்களைக் கூப்பிட நினைச்சு, குரல் வராம கெடக்கறது. அதை உங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. உங்கமேல பாசம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க."

"உன் பாசம் யாருக்குடி வேணும்? போ. கதவைச் சாத்தணும்."

சின்னவள் போகவில்லை. கதவுக்கும் பெரியவளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பக்கவாட்டில் நுழைந்து, செருப்புக் காலோடு நேரே சமையலறைக்குப் போனாள். பெரியவளால் வேகமாகத் திரும்ப முடியவில்லை. தையல் இழுத்தது.

"ஏய்! போலீஸைக் கூப்பிடுவேன்டி. வீட்டுக்குள்ள பூந்து திருடறான்னு சொல்லுவேன்!"

"கூப்பிடுங்க. வரட்டும்." ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் ஓசை கேட்டது. "இது யார் மருந்துன்னு கேப்பாங்க. நீங்க உங்களதுன்னு சொல்லுங்க. நான் என்னதுன்னு சொல்றேன். ரெண்டு பேர் விரலையும் குத்திப் பாத்துட்டு, யாருதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். ஆஸ்பத்திரிக்கும் ஒரு போன் போட்டுக் கேக்கட்டும். நான் இருக்கேன், எங்கேயும் போகல."

பெரியவள் தொலைபேசி இருந்த பக்கம் ஓர் அடி வைத்தாள். அங்கேயே நின்றாள். உள்ளறையில் மூத்தார் இருமும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

சின்னவள் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. வெளியே வரும்போது பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தாண்டினார்கள்.

"நாசமாப் போவே," என்றாள் பெரியவள். குரலில் பலமில்லை.

"ஒரு வருஷம் முடியட்டும், அப்புறம் போறேன்," என்று சொல்லிவிட்டுச் சின்னவள் படியிறங்கினாள். பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

கீழே கணவன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். பையை எட்டிப் பார்த்து, பெட்டிகள் இருப்பது தெரிந்ததும் பெருமூச்சு விட்டான்.

"சத்தம் கேட்டுச்சே. அண்ணி என்ன சொன்னாங்க?"

"உடம்பைப் பாத்துக்கச் சொன்னாங்க."

அவன் அதையும் நம்பினான்.